சூரியநெல்லிக்கு இரும்பு ஏறும் கணக்கு

"கிலோ என்ன விலை?"

வீட்டு மாடியில் ஷீட் போட நினைப்பவர், ஏலக்காய் ஸ்டோர் கட்ட நினைப்பவர், டூரிஸ்டுகளுக்கு நாலு ரூம் எடுக்க நினைப்பவர் என்று சூரியநெல்லியில் யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான். போடிக்கு ஒரு போன், தேனிக்கு ஒரு போன், அடிமாலிக்கு ஒரு போன். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொன்ன கடைக்கு அட்வான்ஸ் போய்விடும்.

இந்த மலையில் இரும்பு வேலைக்கு எஸ்டிமேட் போட்டுப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒன்றரை டன் வேலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் என்பது மொத்தமே 1,500 ரூபாய்தான். அதே வேலையில் பைப்பின் கனம் அரை மில்லிமீட்டர் மாறினாலோ, லாரி நிற்கும் இடம் நூறு மீட்டர் தள்ளிப் போனாலோ அதைப்போலப் பல மடங்கு கைமாறிவிடும். அந்தக் கணக்கை யாரும் கேட்பதும் கிடையாது, கொட்டேஷனில் எழுதுவதும் கிடையாது.

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ரிட்டயர்ட் ஆன ஒரு அக்கா, கையில் வந்த சர்வீஸ் பணத்தில் சின்ன வீடு கட்டினார். மாடியில் ஒழுகுகிறது, ஷீட் போடணும் என்று வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, அவ்வளவுதான் அதில் இருந்தது.

"இதுல எத்தனை கிலோ இரும்புன்னு போடலையேக்கா?"

"நமக்கு என்ன தம்பி தெரியும்? அவங்க சொல்றதுதான். சதுர அடிக்குக் கம்மின்னு சொன்னாங்க."

லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து, முதல் தடவையாகச் சொந்தக் கூரை போடுகிற ஒருவருக்கு அந்தச் சீட்டில் எத்தனை டன், என்ன கனம், எங்கே இறக்குவார்கள் என்ற எதுவுமே எழுதப்படவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. இரும்பு எடைக்கு விற்கிற பொருள். எடை போடாத கொட்டேஷனை ஒத்துக்கொள்ளவே கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். நம் பக்கத்தில் அதிகம் கட்டுவது ஏலக்காய் ஸ்டோர். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ், மூன்று மீட்டருக்கு ஒன்று வீதம் ஐந்து, பத்துத் தூண். தூணுக்கு 100க்கு 100, 4 எம்.எம். ஸ்கொயர் பைப். அது மீட்டருக்கு 12 கிலோ வரும். மூன்றரை மீட்டர் உயரத்தில் பத்துத் தூணுக்குச் சுமார் 420 கிலோ. டிரஸ் ஒவ்வொன்றும் 80 கிலோ சொச்சம், ஐந்துக்கும் சேர்த்து 400 கிலோவைத் தாண்டும். பார்க்கிறவர்கள் கண் தூணிலும் டிரஸ்ஸிலும்தான் நிற்கும். எடை ஒளிந்திருப்பது மேலே ஷீட்டைத் தாங்கும் பர்லினில்.

ஒரு சரிவுக்கு ஐந்து வரிசை, இரண்டு சரிவுக்கும் பத்து. முன்னும் பின்னும் அரை மீட்டர் வெளியே நீட்ட வேண்டும் என்பதால் ஒரு வரிசை 13 மீட்டர். ஆக 130 மீட்டர். 60க்கு 40 பைப், 12 கேஜ், அதாவது 2.6 எம்.எம். கனம். பைப்பின் எடைக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அதில் கனத்தைக் கழியுங்கள், வந்ததைக் கனத்தால் பெருக்கி 0.0314ஆல் பெருக்குங்கள். ஒரு மீட்டரின் எடை கிடைக்கும். இங்கே 47.4ஐ 2.6ஆல் பெருக்கி, 0.0314ஆல் பெருக்கினால் 3.87 கிலோ. 130 மீட்டருக்கு 503 கிலோ. தூணைவிட, டிரஸ்ஸைவிட பர்லின்தான் கனம்.

இப்போது அதே பைப்பை 14 கேஜில், அதாவது 2 எம்.எம். கனத்தில் போடுங்கள். மீட்டருக்கு 3.01 கிலோ. மொத்தம் 392 கிலோ. 111 கிலோ காணாமல் போய்விட்டது. கணக்கு வசதிக்காகக் கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் 7,770 ரூபாய், அதற்கு மேல் வரி. பெயின்ட் அடித்து மேலே ஏற்றிவிட்டால் கீழே நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சதுர அடிக்குக் கம்மியாகச் சொன்ன கொட்டேஷன் பெரும்பாலும் இங்கேதான் கம்மியாகியிருக்கும்.

மலையில் இந்த 0.6 எம்.எம். வெறும் பண விஷயமும் கிடையாது. காற்றுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் மலைச்சரிவுக்கும் முகட்டுக்கும் தனியாக ஒரு பெருக்கு எண் வைத்திருக்கிறது. 1.36 வரைகூடக் காற்றின் வேகத்தைக் கூட்டிக் கணக்குப் போடச் சொல்கிறது. வேகம் அவ்வளவு கூடினால் அழுத்தம் அதன் வர்க்கத்தில் கூடும், ஏறக்குறைய 1.85 மடங்கு. சமதளத்தில் தாங்கும் கொட்டகை கொழுக்குமலைப் பக்கத்து முகட்டில் தாங்காது என்பதற்கு இதுதான் காரணம். தேனியில் போட்ட கொட்டகையின் அளவை அப்படியே காப்பி அடித்து இங்கே எஸ்டிமேட் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, 13 மீட்டர் என்று சொன்னேன் அல்லவா? பைப் வருவது 6 மீட்டர் நீளத்தில். ஆறும் ஆறும் பன்னிரண்டு, மிச்சம் ஒரு மீட்டருக்குத் தனியாகத் துண்டு வேண்டும். நீட்டலை எடுத்துவிட்டால் 20 பைப்பில் முடியும், வைத்தால் 22 பைப். "அதை எடுத்துடலாமே" என்பார்கள். ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் அது ஓய்ந்ததும் வரும் துலாவர்ஷமும் சுவரை நனைக்கும் ஊரில் அந்த அரை மீட்டரில் கை வைக்க விடமாட்டேன். ஸ்டோருக்குள் ஈரம் ஏறினால் காயின் நிறம் போகும், நிறம் போனால் போடி ஏலத்திலும் புற்றடி ஏலத்திலும் விலை போகும்.

தூண், டிரஸ், பர்லின் மூன்றோடு அடியில் பேஸ் பிளேட். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்.எம். கனத்துக்கு 7.85 கிலோ. 250க்கு 250, 12 எம்.எம். தகடு ஒன்று 6 கிலோவுக்குச் சற்றே குறைவு. பத்துக்கு 59 கிலோ. கிளீட், கஸெட் என்ற இணைப்புத் துண்டுகள், குறுக்குக் கட்டு, வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் என்று முடிப்பேன். ஷீட் தனி. ஷீட்டில் 0.50 எம்.எம். என்று சொன்னால் பூச்சும் பெயின்ட்டும் சேர்ந்தா, வெறும் தகடா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

எடைப் பட்டியல் தயாரானதும் ஊரில் எல்லாரும் செய்வது, அதைக் கிலோ விலையால் பெருக்கிவிட்டு முடிந்தது என்று நினைப்பது. அது போடிக் கடை வாசலில் கிடக்கும் இரும்பின் விலை. சூரியநெல்லிக்கு அது வரவேண்டுமே!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐ பீமும் பெரிய சேனலும் மில்லிலிருந்து பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன. அந்த நீளத்துக்கு டிரெய்லர் வேண்டும், அந்த வளைவுகளில் டிரெய்லரைத் திருப்புவது நடக்கிற காரியமாக இருக்காது. அதனால் அடிவாரத்திலேயே ஆறு மீட்டராக வெட்டிவிடுவார்கள். வெட்டினால் மேலே ஒட்ட வேண்டும். ஒட்டுப் பிளேட், போல்ட் அல்லது வெல்டிங், அதற்குக் கூலி, இவையெல்லாம் எஸ்டிமேட்டில் இருக்கிறதா? சைட்டில் வெல்டிங் என்றால் இன்னொரு தலைவலி. சிங்கிள் பேஸ் லைனில் மின்அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும், ஜெனரேட்டரும் டீசலும் வேண்டியிருக்கும். நான் டிரஸ்ஸைக் கீழேயே செய்து, மேலே போல்ட்டில் முடுக்குகிற மாதிரி பிரித்துப் போடுவேன். அப்படிச் செய்யும்போது கீழே வெல்டிங் கூலி கொஞ்சம் கூடும், மேலே ஆள் நிற்கும் நாட்கள் நன்றாகக் குறையும்.

தேசிய நெடுஞ்சாலை 85இல் மூணாறு–போடிமெட்டு நடுவே ஏறக்குறைய 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். அதற்குப் பின் லாரி வரத்து எவ்வளவோ தேவலை. ஆனால் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து எஸ்டேட் ரோட்டிலும் காலனி ரோட்டிலும் இறங்கினால் பழைய கதைதான். பெரிய லாரி சூரியநெல்லி டவுனோடு நின்றுவிடும். அங்கிருந்து பிக்கப்பில் மாற்ற வேண்டும். ஆறு மீட்டர் பைப்பைப் பிக்கப்பில் பின்னால் நீட்டிக்கொண்டு போவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, அந்த வளைவுகளில் எதிரே வருகிறவருக்கு அது உயிர் விஷயமும் கூட. கொழுக்குமலை ஏறும் பாதையோ ஜீப் மட்டும் போகிற பாதை. அங்கே வேலை என்றால் ஒவ்வொரு உறுப்பையும் ஜீப்புக்குள் அடங்கும் நீளத்தில் வரைந்து, கீழேயே செய்து ஏற்றுவதைத் தவிர வழியே இல்லை. அந்த வேலைக்குக் கிலோ விலையில் எஸ்டிமேட் கேட்பது அர்த்தமில்லாத பேச்சு.

வண்டி நின்ற இடத்திலிருந்து சைட்டுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்லும் விஷயம். நம் பக்கத்து வீடுகள் பாதி ரோட்டுக்கு மேலே, பாதி ரோட்டுக்குக் கீழே. படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும்தான். ஐ.எஸ்.எம்.பி. 200 பீம் மீட்டருக்கு 25.4 கிலோ, ஆறு மீட்டர் துண்டு 152 கிலோ. மழை பெய்து வழுக்கும் சரிவில் அதை நாலு பேர் தோளில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கால் தவறினால் மற்ற மூவரும் போனார்கள். 100க்கு 100, 4 எம்.எம். பைப் ஆறு மீட்டருக்கு 72 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து மெதுவாக இறக்கிவிடலாம். கிலோ விலையில் பீமைவிடப் பைப் பொதுவாகக் கூடுதல். கடைக் கணக்கில் பீம் மலிவு, தோள் கணக்கில் பைப் மலிவு. டிசைன் போடும்போதே, "இதை யார், எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்?" என்று கேட்காத இன்ஜினியரை இந்த மலையில் நான் நம்புவதில்லை.

இறக்குக்கூலியைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கு 1978இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்கே வாங்கிய நோக்குக்கூலியை 2018 மே 1 முதல் அரசு ஒழித்துவிட்டது. அந்தப் பழைய பேச்சை வைத்துக்கொண்டு இறக்குக்கூலியே அநியாயம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறக்குகிறவர்களும் நம் ஆட்கள்தான், பாதிப்பேர் எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளைகள். இரும்பு வருவதற்கு முன்னாலேயே போய், டன்னுக்கு என்ன, ரோட்டிலிருந்து சைட்டுக்குச் சுமப்பதற்கு என்ன என்று பேசி, எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதிவிடுங்கள். லாரி வந்து நின்றபின் நடுரோட்டில் பேரம் பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. இறக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆனால் யானைகள் இருக்கத்தான் செய்கின்றன. சிங்குகண்டம், முன்னூற்றியொன்று காலனிப் பக்கம் இருட்டியபின் யாரையும் வேலைக்கு நிற்கச் சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேல் வரும் லோடு மறுநாளைக்குத்தான் இறங்கும், வண்டிக்கு ஒரு நாள் காத்திருப்பு வாடகை.

இரும்பை மலையேற்றுவது இங்கே இன்று நேற்றுக் கவலை இல்லை. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். 1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துப் போட்டதோடு சரி, திரும்பக் கட்டவில்லை. பழைய தண்டவாளங்கள் அப்புறம் கம்பமாகவும் விட்டமாகவும் ஆகிவிட்டதாக மூணாறில் சொல்வார்கள். நம்பக்கூடிய பேச்சுதான். அவ்வளவு பாடுபட்டு மேலே வந்த இரும்பைக் கீழே அனுப்ப யாருக்கு மனம் வரும்? இன்றைக்கும் வெட்டிய துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிளீட்டுக்கு ஆகும், படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஆகும். காசு கொடுத்து மலையேற்றிய எடை அது.

ஒரு காலத்தில் இந்தியா முழுக்க இரும்புக்கு ஒரே விலை என்று ஒரு ஏற்பாடு இருந்தது தெரியுமா? 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை, ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் ரயில் வாடகை சமப்படுத்தப்பட்டு ஒரே விலை. சுரங்கம் இருந்த பீகாரும் வங்காளமும் அதனால் நஷ்டப்பட்டன, தொலைவிலிருந்த தெற்கும் மேற்கும் லாபமடைந்தன. ஆனால் அந்தச் சலுகை ரயிலோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே மலைக்குக் கொண்டுவரும் செலவு அப்போதும் நம்முடையதுதான். இப்போது எல்லாமே ரோடு, எல்லாமே டீசல் கணக்கு. மேலே இரும்பு ஏற்றி வரும் லாரிக்குத் திரும்ப லோடு கிடைப்பது அபூர்வம், அதனால் போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார்கள். உங்கள் ஒன்றரை டன்னுக்குத் தனி வண்டி எடுக்காமல், அதே வாரத்தில் ஏறும் இன்னொருவர் சரக்கோடு சேர்த்து ஏற்ற முடியுமா என்று பாருங்கள். வாடகை நன்றாகக் குறையும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வாங்கினால் ஒரு வரி, கேரளத்தில் வாங்கினால் ஒரு வரி என்ற பேச்சு 2017 ஜூலையோடு முடிந்தது. இரும்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., போடியில் வாங்கினாலும் அடிமாலியில் வாங்கினாலும் அதேதான். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கு 28லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், அதைக் கேட்டு இரும்புக்கும் குறைந்ததாக நினைத்தவர்கள் உண்டு, குறையவில்லை. எல்லை தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் வேண்டும். "பில் இல்லாமல் தருகிறேன், கிலோவுக்கு இவ்வளவு குறைச்சல்" என்பவரிடம் வாங்கினால் எடையும் கனமும் மாறிப்போனதைக் கேட்க உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

விலை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 2022 ஏப்ரலில் இரும்பு விலை உச்சத்தில் இருந்தது. உக்ரைன் போரில் நிலக்கரி விலை ஏறியது ஒரு காரணம். மே 22ஆம் தேதி மத்திய அரசு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, உள்ளூர் விலை மளமளவென்று இறங்கியது. நவம்பர் 19இல் அந்த வரியை எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் இறக்குமதித் தகட்டுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் போடிக் கடையில் மறுநாள் விலை வேறு. இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. மூணாறைச் சுற்றியுள்ள சில வில்லேஜ்களில் கட்டடத்துக்கு வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும், சின்னக்கானலும் அதில் ஒன்று. இன்றைய விலையில் எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு என்.ஓ.சி.க்குக் காத்திருப்பவர், அது கைக்கு வரும்போது அந்த எஸ்டிமேட்டை நம்பி நிற்கக் கூடாது. எடைப் பட்டியல் மாறாது, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விலையை மட்டும் புதிதாகக் கேளுங்கள். ஏலக்காய் விலையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் தொட்ட மாதிரி ஒரு சீசன் வந்தால் ஆளாளுக்கு ஸ்டோர் கட்டக் கிளம்புவார்கள், வெல்டரும் லாரியும் கிடைக்காது.

சரக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பைப்பை எண்ணி, நீளத்தால் பெருக்கி, மேலே சொன்ன கணக்கில் எடை போடுங்கள். தரநிலையிலேயே கொஞ்சம் கூடக்குறைய இடம் உண்டு. இரண்டுக்கும் ஓரிரு சதவீதம் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். சீட்டில் எடை அதற்கு மேல் குறைந்திருந்தால் வெர்னியரை எடுங்கள். வெட்டிய முனையில் பிசிறு இருக்கும், அரத்தால் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். உள்பக்கத்துத் தையல் தடிப்பை விட்டு, மற்ற மூன்று பக்கத்திலும் பாருங்கள். 12 கேஜ் என்று வந்தது 2.3, 2.2 என்று காட்டினால் இறக்குவதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன் போடுங்கள். இறக்கியபின் கேட்டால் வண்டிக்காரருக்கும் உங்களுக்கும்தான் சண்டை.

பெயின்ட்டையும் கீழேயே முடித்துவிடுங்கள். மலையில் விடிந்து வெகுநேரம் வரை இரும்பு நனைந்தே இருக்கும், மேகம் இறங்கினால் சாயங்காலமும் அப்படித்தான். ஈரத்தின் மேல் அடித்த பிரைமர் இரண்டு மழைக்குள் உரிந்துவிடும். துருவைச் சுரண்டி, இரண்டு கோட் பிரைமர் அடித்துக் காய்ந்த சரக்கையே ஏற்றச் சொல்லி, அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மேலே வந்தபின் வெல்டிங் போட்ட இடத்தையும் உரசல் விழுந்த இடத்தையும் மட்டும் தொட்டால் போதும்.

அந்த அக்காவின் மாடிக்குப் புதிதாக எடைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பழைய சீட்டைக் கொடுத்தவரிடமே அதை நீட்டி, இந்தக் கனத்தில், இந்த எடைக்கு, மாடியில் ஏற்றித் தர என்ன ஆகும் என்று கேட்கச் சொன்னேன். சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கம் யாருக்காவது இப்படி ஒரு சீட்டு வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், எத்தனை கிலோ என்று கூட்டிச் சொல்கிறேன். காசு வேண்டாம்.